ஓட்டு வீட்டு மொய்

எங்கள் ஊரில் சாவு வாசல்வரைக்கும் வந்துவிட்டு உள்ளே நுழைய முடியாமல் நின்றது முதன்முதலில் வைரக்கண்ணு வீட்டில்தான். தொண்ணூற்றொரு வயதில் ஒரு செவ்வாய்க்கிழமை அவருக்கு மேல்மூச்சு வாங்கி, நாடி பார்க்கத் தெரிந்தவர்கள் பார்த்து உதட்டைப் பிதுக்கி, மகன் திருமேனி பந்தலுக்குச் சொல்லி, மேளத்துக்கு முன்பணம் கொடுத்து, திருப்பூரிலும் துபாயிலும் இருக்கிற பேரன்களுக்குப் போன் போட்டு, தெருவில் நாற்காலிகூட இறக்கியாயிற்று, கிழவர் மட்டும் சாகவில்லை. புதன் வந்தது, வியாழன் வந்தது, வெள்ளிக்கிழமை மேளக்காரர்கள் திரும்பிப்போக பஸ் காசு கேட்டார்கள், சனிக்கிழமை பந்தல்காரன் வேறு ஊரில் காதுகுத்து இருக்கிறதென்று மூங்கிலைப் பிடுங்கிக்கொண்டு போனான், கிழவரோ விடவும் முடியாமல் வாங்கவும் முடியாமல் ஒரே ஒரு மூச்சைத் தொண்டையில் வைத்துக்கொண்டு பதினேழு நாள் கிடந்தார்.

பதினேழாம் நாள் பக்கத்து ஊர் பலசரக்குக் கடைக்காரர் மொய் விருந்து வைத்தார்.

எங்கள் பக்கத்தில் ஆடி பிறந்தால் ஆவணி முடியும்வரை மொய் விருந்துதான். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை ஒரு வீடு கிடா வெட்டிச் சோறு போடும், சாப்பிட்டவர்கள் தாம்பாளத்தில் பணம் வைப்பார்கள், வைத்தவர் வீட்டு விருந்து வரும்போது வாங்கியவர் அதைத் திருப்பி வைக்க வேண்டும், அதுவும் அந்த விருந்தில் மட்டுமே வைக்க வேண்டும், வழியில் பார்த்துக் கையில் கொடுத்தால் அது மொய்யில் சேராது. வாங்கினது ஆயிரம் என்றால் ஆயிரத்தை மட்டும் திருப்பக் கூடாது. மேலே நூறோ ஐந்நூறோ கூட்டி வைக்க வேண்டும். ஆயிரம் பழைய நடை, மேலே வைத்தது புது நடை. அந்தப் புது நடை இவரை அவருக்குக் கடன்காரராக்கும், பிறகு அவரை இவருக்கு. இப்படி யாருக்கும் யாரோடும் கணக்குத் தீராமல் போய்க்கொண்டே இருப்பதற்குத்தான் உறவு என்று பெயர். சரிக்குச் சரி திருப்புவதென்றால் இனி உன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று பொருள்.

இந்தக் கணக்கெல்லாம் அந்தந்த வீட்டு டிரங்குப் பெட்டியில் நோட்டு நோட்டாகக் கிடந்தவரைக்கும் யாரும் அதைக் கூட்டிப் பார்த்ததில்லை. அந்த வருஷம்தான் பஸ் ஸ்டாப்பில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த நீலாவதி, பக்கத்துக்கு ஐந்து ரூபாய் கூலி பேசி, கரையான் தின்றது போக மிச்சமிருந்த எல்லா நோட்டுகளையும் தன் லேப்டாப்பில் கட்டம் கட்டமாக ஏற்றினாள். ஆளுக்கொரு பக்கம், நாள், பேர், செய்தது, வந்தது, கடைசியில் இருப்பு. மேல் வரியில் இருக்கும் இருப்போடு செய்ததைக் கூட்டி வந்ததைக் கழித்துக் கீழ் வரியில் எழுது என்று அவள் ஒரு தடவை சொல்லிக்கொடுத்தால் போதும், கட்டம் தானாகவே கீழே கீழே எழுதிக்கொண்டு போகும். ஊரில் ஒவ்வொருவனும் உலகத்துக்கு எவ்வளவு கொடுத்து எவ்வளவு வாங்கியிருக்கிறான் என்பதை ஒரே ஓர் எண்ணாக ஒருத்தி கூட்டி வைத்தது அதுதான் முதல் தடவை. சாவுக்கு அதுவரை அந்த எண் தெரியாமல் இருந்திருக்கும் என்று ஊரில் சொன்னார்கள், அதற்கு மேல் யாரும் காரணம் தேடவில்லை.

பலசரக்குக் கடைக்காரருக்கு வைரக்கண்ணு ஐந்நூற்றொரு ரூபாய் பாக்கி. சாகப்போகிற மனுஷனுக்கு எதற்குப் புது நடை என்று திருமேனி சரியாக ஐந்நூற்றொன்று வைத்தார். மொய் மேஜையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த நீலாவதி அதை அடித்து எண்டரைத் தட்டினாள், வைரக்கண்ணுவின் கடைசிக் கட்டத்தில் சைபர் வந்தது, இலையில் குழம்பு காய்வதற்குள் திருமேனிக்கு வீட்டிலிருந்து போன் வந்தது. மகள் ஒரு கரண்டி பனங்கற்கண்டுத் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள், அது உள்ளே இறங்கியது, கூடவே அந்தப் பதினேழு நாள் மூச்சும் வெளியே போய்விட்டது.

இரண்டாவது ஆள் தேங்காய்த் தரகர் பரமன். வயிற்றில் கட்டி வந்து ஆறு மாதம் ஊளையிட்டுக்கொண்டிருந்தவருக்கு மகன்கள் யோசித்து யோசித்து சரிக்குச் சரி வைத்தார்கள், சைபர் வந்தது, போனார். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்டாட்டியும் சற்றைக்கெல்லாம் கையில் ஈரத்துணியோடு அப்படியே சாய்ந்தாள். ஓடிப்போய்ப் பார்த்தால் ஷீட்டில் பரமன் என்றிருந்த பேர் தானாக மாறி அவள் பேராகியிருந்தது. முன் இருப்பு என்ற வரியில் புருஷன் விட்டுப்போன சைபர் அவளுக்கு வந்திருந்தது. எங்கள் ஊரில் புருஷன் இருக்கிறவரை பெண்ணுக்குத் தனிப்பக்கம் கிடையாது, விதவையானால்தான் பக்கம் அவள் பேருக்கு வரும், அந்த வழக்கத்தை ஷீட் எங்களைவிட ஒழுங்காகக் கடைப்பிடித்தது.

இரண்டு சாவுக்குப் பிறகு ஊர் புரிந்துகொண்டது, புரிந்துகொண்டதும் அதற்கேற்றபடி உட்கார்ந்துகொண்டது. பக்கத்தில் சைபர் இல்லாதவனுக்குச் சாவில்லை. ஆகவே எல்லோரும் யாருக்காவது நூற்றொரு ரூபாயைப் பாக்கி வைத்துக்கொண்டார்கள். வாலிபர்கள் ஹெல்மெட்டைக் கோழி அடைகாக்கக் கொடுத்துவிட்டார்கள். இன்சூரன்ஸ் ஏஜெண்ட் வருவதை நிறுத்தினார். பெரியவர்கள் காலில் விழுந்தால் பாக்கி நிற்கட்டும் என்று வாழ்த்தினார்கள், குழாயடியில் சண்டை வந்தால் உன் கட்டம் சைபராகப் போக என்று வைதார்கள். பக்கத்துக் காலனியில் எங்கள் ஊர் மொய் வாங்குவதுமில்லை கொடுப்பதுமில்லை, அங்கே சாவு முன்போலவே வந்துபோனது, அவர்கள் பாடை தூக்கிப் போகும்போது எங்கள் ஆட்கள் ஏதோ பழைய காலத்து வாகனம் போவதுபோல் நின்று பார்த்தார்கள். எங்கள் வீட்டுப் பெண்களும் பக்கம் இல்லாததால் பிரசவத்திலும் காய்ச்சலிலும் வழக்கம்போலவே செத்தார்கள். ஆண்களுக்கு அது கவனத்துக்கு வர இரண்டு மாதம் ஆயிற்று.

கட்டத்தை ஏமாற்றவும் பார்த்தார்கள். கை மாறாத பணத்தை மாறியதாக அடித்தால் அந்த எண் திரையில் மங்கி மங்கித் தானாக அழிந்துபோனது. ஒரே ஒரு வழி உண்டு என்று கண்டுபிடித்தார்கள். புருஷன் கணக்கு முடிந்து பக்கம் பெண்டாட்டி பேருக்கு மாறியதிலிருந்து ஒரு வெற்றிலை மென்று துப்பும் நேரம் அந்தச் சைபர் பொறுத்திருக்கும். அதற்குள் அவள் அண்ணனோ தம்பியோ தாம்பாளத்தில் ஒரு ரூபாய் வைத்து அது பதிவானால் அவள் பிழைத்தாள். அதற்குத் துணை ரூபாய் என்று பெயர் வந்தது. பிறந்த வீட்டுக்காரர்கள் அதைப் பட்டுத்துணியில் முடிந்து கொண்டுவருவது ஆறே மாதத்தில் ஆதிகாலத்து வழக்கம் போலாகிவிட்டது.

சாகாமல் இருப்பதும் நோகாமல் இருப்பதும் ஒன்றல்ல என்பது அடுத்து தெரிந்தது. பைக்கில் லாரியடியில் போனவன் போன மாதிரியே கிடந்தான். புற்று வந்தவர்கள் புற்றோடு இருந்தார்கள். பிள்ளைகள் தாங்க முடியாமல் சரிக்குச் சரி வைக்கலாம் என்று ஊர்ச் சபையில் அனுமதி கேட்பார்கள், காரியக்காரராயிருந்த திருமேனி வெற்றிலை போட்டுக்கொண்டே தேதி கொடுப்பார், நீலாவதி எண்டரைத் தட்டுவாள். தட்டிவிட்டு அவள் கடைக்குத் திரும்பி நடக்கும்போது எதிரே வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கினார்கள். நம்ம உசிரு பூரா இந்தப் பொண்ணு சுண்டுவிரல் நுனியில நிக்குதே மாப்ள என்று டீக்கடையில் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். அந்த லேப்டாப்பை உடைக்கவும் பயம், அவளிடம் விட்டுவைக்கவும் பயம்.

அந்தச் சுண்டுவிரல் தன் வீட்டுக்கு உதவவில்லை என்பதுதான் நீலாவதியின் கதை.

அவள் புருஷன் பன்னீர் லாரி டிரைவர். பங்குனி மாதம் ஒரு காலையில் தோப்பு மோட்டாரைப் போடப் போனவனைக் கரண்ட் பிடித்து, இடுப்புக்குக் கீழே கரியாக்கிவிட்டு விட்டது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்து, இந்த உடம்பு எப்படி மூச்சுவிடுகிறது என்று எங்களுக்குத் தெரியவில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். ஐந்து மாதம் வாழையிலையில் கிடந்தான். இலையை மாற்றும்போதெல்லாம் தோல் இலையோடு வந்தது. கத்திக் கத்திக் குரல் போய்விட்டது, அதற்குப் பிறகு அவன் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "நீலா, என் கணக்கப் பாரு."

அவள் பார்த்திருந்தாள். ஊரில் எல்லோருக்கும் திருப்பியாயிற்று, எல்லோரிடமும் வாங்கியாயிற்று, ஒரே ஒரு பாக்கி ஆயிரத்தொரு ரூபாய். அது தெற்குத் தெரு ஓட்டு வீட்டுக்காரிக்குத் தர வேண்டியது.

ஓட்டு வீட்டுக்காரி ஒரு விதவை, ஏழு ஆடு வைத்திருந்தாள். எட்டு வருஷத்துக்கு முன்னால் திருமேனி தன் தோப்பில் எழுநூறு அடி போர் போட, அவள் கிணறு வற்றிப்போக, அவள் ஊர்ச் சபைக்கு வராமல் நேரே கலெக்டருக்கு மனு எழுதிவிட்டாள். ஊர்ப் பேச்சை வெளியே கொண்டுபோனவளை ஊர் விலக்கியது. எங்கள் ஊரில் விலக்கு என்றால் அடிப்பதில்லை, வைவதில்லை. அவள் வாசலில் ஒரு முறத்தை வைத்துவிட்டு, அவளிடம் மொய் வாங்கிய எல்லோரும் வரிசையில் வந்து, வாங்கினதைச் சரிக்குச் சரி முறத்தில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவார்கள். அன்றிலிருந்து அவள் பேரை ஊர் எல்லைக்குள் யாரும் வாயால் சொல்லக் கூடாது, கையால் எழுதக் கூடாது, அவளோடு கொடுக்கல் வாங்கல் வைத்தவனுக்கும் அதே விலக்கு. நீலாவதிகூட ஷீட்டில் தெ.தெரு ஓட்டு வீடு என்றுதான் அந்தப் பக்கத்துக்குத் தலைப்பிட்டிருந்தாள்.

முறம் வைத்த அன்றைக்குப் பன்னீர் தேங்காய் லோடு ஏற்றிக் காங்கேயம் போயிருந்தான். திரும்பி வந்ததும் சபையில் கேட்டார்கள். என் கல்யாணத்துக்கு அந்தக்கா வாழ்த்தி வெச்ச காச என்னால மொறத்துல கொட்ட முடியாது, அது விருந்து வெக்கிறப்ப வெப்பேன் என்றானாம். விலக்கினவள் எங்கே விருந்து வைக்கப் போகிறாள் என்று சிரித்து விட்டுவிட்டார்கள். ஆக, உலகத்தில் அவளுக்கு மிச்சமிருந்த உறவு அந்த ஆயிரத்தொரு ரூபாய் மட்டும்தான். அது வந்து சேர்ந்தால் பன்னீர் கட்டத்தில் சைபர், அதே நொடியில் அவள் கட்டத்திலும் சைபர்.

நீலாவதி ஒரு நண்பகலில் தெற்குத் தெருவுக்குப் போனாள், தெருவில் யாரும் இல்லாத நேரம் பார்த்துத்தான் போனாள். ஓட்டு வீட்டுக்காரி ஆட்டுக்கு அகத்தி ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள், எட்டு வருஷத்துக்குப் பிறகு வாசலில் ஒரு மனுஷ முகத்தைப் பார்த்ததும் உட்காரச் சொல்லிச் சாக்கை உதறிப்போட்டாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஆட்டின் காதைத் தடவினாள்.

"எனக்குச் சாகப் புடிக்கல தாயி," என்றாள். "எட்டு வருசமா எவனும் பேசல, இருந்தாலும் புடிக்கல. காலையில எந்திரிச்சா இதுக கத்துதுக. போதும்னு இருக்கு."

"அவரு கத்தக்கூட முடியாமக் கிடக்காரு அக்கா."

"தெரியும். காத்து இந்தப் பக்கம் அடிச்சா எனக்குக் கேக்கும்." பிறகு அவளே வழி சொன்னாள். "நான் விருந்து வெக்கிறேன். ஊரைக் கூட்டியா. அந்த ஆயிரத்தொண்ண நீ வெய்யி. அதுக்கு முன்னால எவனாச்சும் ஒருத்தன் எனக்கு ஒத்த ரூவா வெக்கட்டும். அந்த ஒத்த ரூவாக் கடன்ல நான் பாட்டுக்கு இருந்துக்கிறேன். உம் புருசனும் போயிச் சேருவாரு."

ஒரு ரூபாய்தானே என்று நீலாவதிக்கு நம்பிக்கை வந்தது. வீடு வீடாகப் போனாள். எல்லா வீட்டிலும் காப்பி கொடுத்தார்கள். பன்னீர் எப்படி இருக்கிறான் என்று கேட்டுக் கண் துடைத்தார்கள். ஒருவர் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம் என்றார், ஒருவர் ஐயப்பனுக்கு மாலை போடப்போகிறேன் என்றார், ஒரு வீட்டில் ஒரு ரூபாய் சில்லறை இல்லை என்றார்கள். எந்த வீட்டிலும் முடியாது என்ற சொல்லை அவள் கேட்கவில்லை, எந்த வீட்டிலும் ஒரு ரூபாய் கிடைக்கவுமில்லை. கடைசி வீட்டில் ஒருவர்தான் மனசில் இருந்ததைச் சொன்னார். அவ செத்தா யாருக்குப் புள்ள நட்டம், ஆட்டுக்கா?

கடைசியில் அவள் சபைக்கு வந்து நின்றாள். திருமேனி மிகவும் பரிவாகப் பேசினார். "பன்னீர் நம்ம பய. அவன் படுற பாட்ட ஊரு பாத்துக்கிட்டிருக்குமா? ஒரு நாளைக்கு விலக்கத் தளத்துறோம் தாயி. ஓட்டு வீட்டுல விருந்து வெக்கட்டும், ஊரு வந்து சாப்புடும்."

"ஒரு ரூவா வெக்க யாராச்சும்..."

"வரட்டும் பாப்போம். சாப்புடுற எடத்துல யாரு மனசு எப்புடி எளகும்னு சொல்ல முடியுமா?" அப்புறம் அவளுடைய அண்ணன் அடைக்கலத்தைத் திரும்பிப் பார்த்து, துணை ரூபாயை மறந்துவிடாதே என்று ஞாபகப்படுத்தினார். அடைக்கலம் சட்டைப்பையைத் தட்டிக் காட்டினான். உனக்கு நான் இருக்கேன்ல என்று தங்கச்சியிடம் சொன்னான்.

அவள் போன பிறகும் சபை கலையவில்லை என்பதையும், அன்றைக்கு வெகுநேரம் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதையும், அடைக்கலம் தலையைத் தொங்கப்போட்டபடி எழுந்து போனான் என்பதையும் அவள் கேள்விப்படவில்லை.

சபையே பத்திரிகை அடித்தது. ரோஸ் நிறத் தாளில், தெற்குத் தெரு ஓட்டு வீட்டில் மொய் விருந்து, அனைவரும் வருக. ஓட்டு வீட்டுக்காரி அதை நீலாவதியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "எம் பேரக் காணுமே. ஓட்டுக்கு மொய் வெக்கப் போறாகளாக்கும்." சிரித்து முடித்துவிட்டு, "வரட்டும். முந்நூறு பேரு வந்தா ஒருத்தனுக்காச்சும் கை தவறி ஒரு ரூவா விழுகாமயா போயிரும்," என்றாள். ஏழு ஆட்டில் ஆறை வெட்டக் கொடுத்தாள். ஒரு சினையாட்டை மட்டும் பின்பக்கம் கட்டிவைத்தாள்.

ஆவணி இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணிக்கு ஊர் வந்தது. வெள்ளை வேட்டியும் புதுச்சேலையுமாக, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, தெற்குத் தெரு கொள்ளாமல் வந்தது. எட்டு வருஷமாக அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காதவர்கள் அந்த வீட்டு வாசல் வேம்பு இவ்வளவு பெரிசாகிவிட்டதே என்று வியந்தார்கள். ஓட்டு வீட்டுக்காரி தானே வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தி விசாரித்தாள், ஒவ்வொரு இலைக்கும் குனிந்து, இன்னுங் கொஞ்சம் எலும்பு வெக்கட்டுமா, கொழந்தைக்கு ஈரல் வெக்கட்டுமா என்று கேட்டாள். அவர்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் இலையைப் பார்த்து வைக்கச் சொன்னார்கள். குழம்பு நன்றாயிருந்தது, அதை யாரும் மறுக்கவில்லை. மூன்று பந்தி நடந்தது.

வேப்பமரத்தடியில் மேஜை, மேஜையில் பித்தளைத் தாம்பாளம், தாம்பாளத்துக்குப் பின்னால் லேப்டாப், அதற்குப் பின்னால் நீலாவதி. சாப்பிட்டுக் கை கழுவியவர்கள் ஒவ்வொருவராக மேஜையைக் கடந்தார்கள். ஒருவர் தாம்பாளத்தின் விளிம்பைத் தொட்டுப் பார்த்துப் பழைய பித்தளை என்றார். ஒருத்தி வெற்றிலை மட்டும் எடுத்துக்கொண்டாள். முந்நூறு பேர் கடந்தார்கள், தாம்பாளம் காலையில் தேய்த்து வைத்தபடியே பளபளவென்று வெயிலைத் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தது. சாப்பிட்டவர்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. வேலியோரமாக நின்று பல் குத்திக்கொண்டு, நடக்கப்போவதைப் பார்க்க நின்றார்கள். நின்ற இடத்திலிருந்து கேட்டால் இரண்டு தெரு தள்ளிப் பன்னீர் விடுகிற மூச்சு, அறுக்கிற ரம்பம் மாதிரி கேட்டது.

ஓட்டு வீட்டுக்காரி வாளியைக் கவிழ்த்துவைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு மேஜைக்கு வந்தாள். தாம்பாளத்தைப் பார்த்தாள். வேலியோரம் நின்றவர்களைப் பார்த்தாள். அவர்களும் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு குனிந்து நீலாவதியின் காதோடு, வேறு யாருக்கும் கேட்காமல் சொன்னாள்.

"நீ வெய்யேன் தாயி. ஒத்த ரூவா."

நீலாவதியின் இடுப்பு முடிச்சில் சில்லறை இருந்தது. அவள் அதைத் தொட்டாள். திருமேனி பார்த்துக்கொண்டிருந்தார், அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தான், நாளைக்குக் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வரவேண்டிய ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எனக்குப் பக்கம் இல்லையே அக்கா," என்றாள். வழக்கப்படி அது சரியான பதில்தான்.

ஓட்டு வீட்டுக்காரி கோபித்துக்கொள்ளவில்லை. பெரிய பாரத்தை இறக்கியவள்போல ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள், சேலையைச் சரிசெய்துகொண்டாள், பின்பக்கம் கட்டியிருந்த சினையாடு கத்தியதற்கு இருடி வாறேன் என்று பதில் சொன்னாள். "அடி," என்றாள்.

நீலாவதி இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாளையும் ஒரு நாணயத்தையும் தாம்பாளத்தில் வைத்தாள். அடித்தாள். எண்டரைத் தட்டினாள். இரண்டு பக்கத்திலும் இரண்டு சைபர் வந்தது. இரண்டு தெரு தள்ளிக் கேட்டுக்கொண்டிருந்த ரம்பம் நின்றது, ஓட்டு வீட்டுக்காரியின் தலை நாற்காலியின் கைப்பிடிமேல் இறங்கியது, ஆடு மட்டும் இன்னொரு தடவை கத்தியது. வேலியோரத்தில் ஒருவர், சாப்பாட்டுக்கு அப்புறம் போனா, நல்ல சாவு என்றார்.

நீலாவதி அழக்கூட இல்லை, ஐந்து மாதத்துக்குப் பிறகு காதில் விழுந்த அமைதியில் அவளுக்குத் தலை சுற்றியது. திரையில் பன்னீர் என்ற பேர் ஓரத்திலிருந்து கரைந்து அவள் பேராக மாறிக்கொண்டிருந்தது. முன் இருப்பு, சைபர். அவள் தாம்பாளத்தை அண்ணன் பக்கம் நகர்த்தினாள்.

"அண்ணே, வெய்யி."

அடைக்கலம் சட்டைப்பையில் கைவிட்டான். பட்டுத்துணி முடிச்சு வெளியே வந்தது. அவன் திருமேனியைப் பார்த்தான்.

"நில்லுப்பா," என்றார் திருமேனி, வருத்தமாகவே சொன்னார். "ஊரு தளத்துனது சாப்பாட்டுக்கு. கொடுக்கல் வாங்கலத் தளத்துனதா யாரு சொன்னா? இந்தப் பொண்ணு விலக்குனவ தாம்பாளத்துல இப்பத்தான் தங் கையால மொய் வெச்சுது, முந்நூறு பேரு பாத்தோம். விலக்குனவளோட கொடுக்கல் வாங்கல் வெச்சவளுக்கும் அதே விலக்குத்தான். இப்ப நீ ஒரு ரூவா வெச்சா உனக்கும். உனக்கு ரெண்டு பொம்பளப் புள்ள. ரோசிச்சுக்க."

ஊர் யோசித்து முடித்துவைத்திருந்ததைத்தான் அவனை யோசிக்கச் சொன்னார். அன்றைக்குச் சபையில் தணிந்த குரலில் பேசியது அதுதான்: அடிக்க ஆள் இல்லையென்றால் எண் மாறாது, எண் மாறவில்லையென்றால் யாருக்கும் சைபர் வராது, அந்தச் சுண்டுவிரல் ஒன்று மட்டும் இல்லாமல் போனால் ஊருக்கு என்றைக்கும் சாவில்லை.

நீலாவதி அண்ணன் முகத்தைப் பார்த்தாள். அவன் முடிச்சை அவிழ்க்கவுமில்லை, பைக்குள் போடவுமில்லை. வேலியோரம் நின்றவர்களைப் பார்த்தாள், காப்பி கொடுத்தவர்கள், கண் துடைத்தவர்கள், சில்லறை இல்லாதவர்கள். ஒரே ஒரு ரூபாய் என்று அவள் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. நாற்காலியில் சாய்ந்திருந்தவளின் முகத்தையும் ஒரு தடவை பார்த்தாள், வெற்றிலை மெல்லும் நேரத்தில் பாதி அதிலேயே போயிற்று. பிறகு லேப்டாப் பக்கம் திரும்பி, ஒரு பேரை எழுதுகிற நிதானத்தோடு சில எழுத்துகளை அடித்தாள், எண்டரைத் தட்டினாள், மூடியை மூடினாள், அதன்மேல் தலையை வைத்துக்கொண்டாள்.

இரண்டு பெண்களையும் பன்னீரையும் ஒரே நாளில் எடுத்தோம். மிஞ்சிய குழம்பைப் பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டு போனார்கள். சினையாட்டைச் சபை ஏலம் விட்டது.

அதற்குப் பிறகு எங்கள் ஊரில் பக்கம் உள்ள யாரும் சாகவில்லை. முதல் வருஷம் அதைத் திருவிழாவாகக் கொண்டாடினார்கள். மூன்றாம் வருஷம் லாரியடியில் போனவனுடைய அம்மா சபைக்கு வந்து, என் மகனுக்குத் தேதி கொடுங்கள் என்று அழுதாள், தேதி கொடுத்தார்கள், சரிக்குச் சரி வைத்தார்கள், அடிக்கலாம் என்று லேப்டாப்பைத் திறந்தால் அது பாஸ்வேர்டு கேட்டது. பன்னீர் என்று அடித்தார்கள். நீலாவதி என்று அடித்தார்கள். கல்யாணத் தேதி, குலதெய்வம், அடைக்கலம் சின்ன வயதில் தங்கச்சியைக் கூப்பிட்ட செல்லப்பேர். வெளியூரிலிருந்து படித்த பையன்களைக் கூட்டிவந்து காசு கொடுத்தார்கள், அவர்கள் மண்டையைச் சொறிந்துவிட்டுப் போனார்கள்.

இப்போது எங்கள் ஊருக்குள் பஸ் வருவதில்லை. தெருவுக்குத் தெரு வாழையிலையில் ஆட்கள் கிடக்கிறார்கள், இலை வெட்டி வெட்டித் தோப்பில் வாழையே இல்லை. திருமேனிக்குச் சர்க்கரை வந்து இரண்டு காலும் போய், போனது மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. அவர் பக்கத்தில் பதினோரு ரூபாய் பாக்கி நிற்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் லேப்டாப்பைக் கட்டிலோரம் கொண்டுவந்து வைத்து, ஆளுக்கொரு சொல்லாகச் சொல்லி அடித்துப் பார்க்கிறார்கள். தெரிந்த பேரெல்லாம் அடித்தாயிற்று, உயிரோடு இருப்பவர்கள் பேர், செத்தவர்கள் பேர், சாமி பேர், ஆற்றின் பேர், மாட்டின் பேர். ஒரே ஒரு பேர் மட்டும் பாக்கியிருக்கிறது. அது எல்லோருக்கும் தெரியும். திருமேனியின் உதடுகூட சில நேரம் வலியில் அதற்காகக் கூடும், சுற்றி நிற்பவர்கள் குனிந்து காதைக் கொடுப்பார்கள், அவர் பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டுவார்.

விலக்கின பேரை எப்படிச் சொல்வது, ஊர்க்கட்டு என்று ஒன்று இருக்கிறதல்லவா.